எரியக் கூடாத பல்பு

லாரி நின்றதில் அதிசயம் ஒன்றும் இல்லை, பழைய வண்டி. நின்ற இடம்தான் வினையாகப் போயிற்று. கொடகனாற்றின் குறுக்கே போட்ட தரைப்பாலத்தில், இரண்டு கரைக்கும் சரிபாதியில், முதுகு நிறையத் தேங்காயோடு அது நின்றுகொண்டிருந்தது. பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. ஓரம் எங்கே முடிகிறது என்று காட்ட இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்த குத்துக்கற்கள் வரிசையாக நின்றன. அவற்றின் அடியை நனைத்துக்கொண்டு தண்ணீர் மெலிசாகப் போய்க்கொண்டிருந்தது.

முன்னால் போன பால்காரரின் மொபெட் பாசியில் சறுக்கி விழுந்ததுதான் தொடக்கம். பொன்னழகு பிரேக்கை மிதித்த வேகத்தில் கிளட்சை மறந்துவிட்டான். எஞ்சின் ஒரு உதறு உதறிவிட்டு அணைந்தது. அவனும் சண்முகவள்ளியும் இறங்கி ஓடி, பால்காரரைத் தூக்கிவிட்டு, கேன்களை நிமிர்த்தி, மொபெட்டைத் தார்ரோட்டுப் பக்கத்துக் கரைவரை தள்ளிக் கொடுத்தார்கள். அதுவரைக்கும் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. "ஆத்துல பால ஊத்திட்டேன், ஆத்தக் கேன்ல ஊத்திக்கிட்டேன். இன்னிக்கும் வழக்கம்போலத்தான்" என்று பால்காரரே சொல்லிச் சிரித்தார்.

திரும்பி வந்து பொன்னழகு கேபினில் ஏறிச் சாவியைத் திருப்பினான்.

டக்.

அவ்வளவுதான். மறுபடி திருப்பினான். மறுபடியும் அதே டக். உள்ளே யாரோ நாக்கைத் தட்டி 'இல்லை' என்று சொல்வதுபோல இருந்தது.

"என்னப்பா?" என்றாள் சண்முகவள்ளி.

"ஒண்ணுமில்ல மதினி. ஈரம் அடிச்சிருக்கும். செத்த நேரம் விட்டுப் போட்டா எடுத்துக்கும்."

பொன்னழகு அவள் கணவனின் தம்பி. கணவன் அழகுராஜா போன வருடம் இறந்த பிறகு, வண்டி அவள் பெயருக்கு வந்தது, ஸ்டேரிங் தம்பி கைக்கு வந்தது. லோடுக்குக் கூட வந்துகொண்டிருந்த ஆள் நூற்பாலை வேலைக்குப் போய்விட்டதால், தோப்பில் காய் ஏற்றுகிற நாட்களில் அவளே கூட வந்தாள். தார்ப்பாய்க் கயிற்றின் ஒரு முனையை இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டுமே.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். சற்று முன்பு இறங்கியபோது காலடியில் கூழாங்கல்வரை தெரிந்தது. இப்போது தெரியவில்லை. செம்மண் கரைந்த நிறத்தில், சருகும் நுரையும் சுமந்துகொண்டு வந்தது. இங்கே மழை இல்லை. தெற்கே ஆத்தூர்ப் பக்கம் மலையே தெரியாத அளவுக்குக் கருத்துக் கிடந்தது.

கரையிலிருந்து பால்காரர் போனைக் காதில் வைத்தபடியே கத்தினார். "ஏம்ப்பா! மேல பெருசாப் பெஞ்சிருக்காம்! எங்க மச்சான் சொல்றாரு, அங்க பாலம் முங்கிருச்சாம்! வண்டிய எடு!"

"எடுக்கத்தாங்க பாக்குறேன்!" என்று பொன்னழகு கத்தினான்.

"டிராக்டருக்குச் சொல்லியிருக்கு! ஆனா அது உழவுல நிக்கிது! வரணும்!"

டிராக்டர் வரும் முன்னால் எது வரும் என்பதை யாரும் சொல்லவில்லை.

சண்முகவள்ளி போனை எடுத்து ஜமால் முகமதுவை அழைத்தாள். பேகம்பூரில் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவர். அழகுராஜாவும் அவரும் ஒரே டீக்கடையில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே சிநேகம் வளர்த்தவர்கள்.

"சொல்லு தங்கச்சி. வண்டி படுத்துருச்சா? இல்லேன்னா இந்தப் பாய் நெனப்பு வராதே உங்க குடும்பத்துக்கு."

அவள் சொன்னாள். எங்கே நிற்கிறது என்று சொன்னதும் அவர் குரலில் இருந்த கேலி போய்விட்டது.

"தண்ணி எம்புட்டு?"

"கணுக்காலுக்கு மேல."

"போனை ஸ்பீக்கர்ல போடு. பொன்னழகு, கேக்குதா? முன் லைட்டப் போடு. தங்கச்சி, நீ முன்னால போயி நில்லு. அவன் சாவியத் திருப்பி செல்ஃப் அடிக்கும்போது லைட்டு என்ன ஆகுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு."

அவள் முன்னால் போய் நின்றாள். விளக்குகள் நன்றாகவே எரிந்தன. பொன்னழகு சாவியைத் திருப்பினான். டக் என்ற சத்தத்தோடு இரண்டு விளக்கும் செத்துச் சிவந்து, சாவியை விட்டதும் மறுபடி உயிர் பிடித்தன.

"அணைஞ்சு எரியுதுண்ணே."

"அப்ப செல்ஃப் மோட்டாரு கரண்ட கேக்குது, கெடைக்கல. ஒண்ணு பேட்டரி காலி. இல்ல, போற வழியில எங்கயோ அடைச்சிருக்கு. ஏலே, பேட்டரி எப்ப வாங்குனது?"

"தீவாளிக்கு முன்னாடிதான் பாய். புதுசு."

"இதுக்கு முன்னால மக்கர் பண்ணுச்சா?"

"பத்துப் பதினஞ்சு நாளா இழுத்து இழுத்துத்தான் எடுத்துச்சு. ராத்திரி மேட்டுல நிறுத்துவேன். காலைல உருட்டி எடுத்துருவேன். தோப்புல இன்னைக்கு அணைக்கவே இல்ல."

"அட கூறுகெட்டவனே. இழுக்குதுன்னு தெரிஞ்சா எங்கிட்டக் கொண்டாறதுக்கென்ன? மேட்டுல நிறுத்துறானாம் மேட்டுல. இப்ப ஆத்துல நிறுத்தியிருக்கியே, அத எங்க உருட்டுவ?"

திட்டிக்கொண்டே அவர் அடுத்ததைச் சொன்னார். பேட்டரி முனைகளில் வயர் ஆடுகிறதா? ஆடவில்லை. பச்சை பூத்திருக்கிறதா? இல்லை. வண்டிக்கு அடியில் குனிந்து ஜாக்கி ராடால் செல்ஃப் மோட்டாரை இரண்டு தட்டுத் தட்டச் சொன்னார். பொன்னழகு முழங்காலிட்டுக் கையை நீட்டித் தட்டினான். வேட்டி மடிப்பெல்லாம் சேறு. ஏறிச் சாவியைத் திருப்பினான். டக்.

இதற்குள் தண்ணீர் அவளுடைய கெண்டைக்காலுக்கு வந்துவிட்டது. குத்துக்கற்களில் பாதி மட்டும் தெரிந்தது. அது ஏறுவது கண்ணுக்குத் தெரியவில்லை. வேறு எதையாவது பார்த்துவிட்டுத் திரும்பினால் ஏறியிருந்தது.

"தம்பி, இறங்கு" என்றாள். "போதும். கரைக்குப் போயிருவோம்."

அவன் காதில் வாங்காதவன்போல டேஷ்போர்டுக்கு அடியில் பியூஸ்களை அழுத்திக்கொண்டிருந்தான்.

"ஒன்னத்தான்."

"நீங்க போங்க மதினி. தண்ணி ஏறுது. நான் வண்டியோட வாரேன்."

"வண்டி வராது."

"வரும்." அவன் முகத்தைத் திருப்பாமலே சொன்னான். "அண்ணன் உசுரு போற நேரத்துலயும் வண்டிய ஓரங்கட்டிட்டுத்தான் போச்சு. நடுரோட்டுல விட்டுட்டுப் போகல. நான் நடு ஆத்துல விட்டுட்டு வந்து ஊருக்குள்ள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடக்குறது?"

சண்முகவள்ளிக்குத் தெரியும், இது வரும் என்று. சாவு வீட்டில் தொடங்கிய பேச்சு அது. சின்னாளப்பட்டிப் பிரிவுக்கு முன்னால் அழகுராஜாவுக்கு நெஞ்சு அடைத்தது. வண்டியை ஓரம் கட்டினான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். பார்க்கிங் விளக்கைப் போட்டான். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். ஒரு சைக்கிள்காரர் மேல்கூட உரசாமல் அத்தனையையும் ஒழுங்காகச் செய்துவிட்டு ஸ்டேரிங்கில் சாய்ந்தான். வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். டிரைவர்னா அவன்தான்யா டிரைவர். வண்டிக்கு ஒரு கீறல் இல்ல பாத்தியா. மாலை போட்டவர்கள் சொன்னார்கள், பந்தியில் உட்கார்ந்தவர்கள் சொன்னார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டிருந்தாள். ஒருவருக்கும் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது சொன்னாள்.

"ஒங்க அண்ணன் போனு எங்க இருந்துச்சு தெரியுமா?"

பொன்னழகு நிமிர்ந்தான்.

"ஒன் முன்னால, அந்த டேஷ்போர்டு மேல. கைக்கெட்டுற தூரம். விளக்கப் போட நேரம் இருந்துச்சு. சாவிய எடுத்துப் பையில போட நேரம் இருந்துச்சு. என்னைக் கூப்பிட நேரம் இல்ல. கூப்பிட்டிருந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பாங்க. பொழைச்சிருப்பாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனா வண்டிதான் மொதல்ல வந்துச்சு அந்த மனுசனுக்கு. அதப் பெருமைன்னு நீங்க எல்லாரும் சொல்லிச் சொல்லி, இப்ப நீயும் அதே மாதிரி நிக்கிற. ஒரு வீட்டுல ஒரு தடவ பத்தாதா?"

தண்ணீர் லாரியின் டயர்களில் மோதி இரண்டாகப் பிரிந்து சளசளத்தது.

"மதினி..."

"நான் ஏறி ஒக்காரப் போறேன். நீ இறங்குனாத்தான் நானும் இறங்குவேன்."

"கிறுக்குத்தனமாப் பேசாதீக!"

"ஒங்கிட்டக் கத்துக்கிட்டதுதான்."

ஜமால் முகமது குறுக்கே புகுந்தார். "ரெண்டு பேரும் பொறகு சண்ட போடுங்க. தங்கச்சி, முழங்காலுக்குத் தண்ணி வந்தா நீ சொல்லு. வந்துட்டா நான் போன வச்சுருவேன், ரெண்டு பேரும் கரைக்கு ஓடிரணும். அதுவரைக்கும் நான் சொல்றதச் செய்யுங்க. அழகுராஜா டூல்ஸ் பெட்டியில டெஸ்ட் லேம்பு இருக்கும். ஒரு பல்பு, அதுல ரெண்டு வயரு. நான்தான் பண்ணிக் குடுத்தேன்."

இருக்கைக்கு அடியில் இருந்த பெட்டியில் அது இருந்தது. பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்றைப் பிடியில் செருகி, இரண்டு வயர்களை இழுத்து, முனைகளை உரித்து முறுக்கியிருந்தார்கள். பிடியைச் சுற்றிய கறுப்பு டேப்பில் அழகுராஜாவின் விரல் எண்ணெய் இன்னும் இருந்தது. சண்முகவள்ளி அதைப் பார்க்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு எடுத்துவந்தாள்.

பேட்டரி லாரியின் இடது பக்கம், கேபினுக்குப் பின்னால், சேஸ் என்கிற அடிச்சட்டத்தில் மாட்டிய ஒரு இரும்புக் கூண்டில் இருந்தது. நீரோட்டம் வலது பக்கத்திலிருந்து வந்ததால் இடது பக்கம் கொஞ்சம் அமைதியாக இருந்தது. ஆனால் டயருக்குப் பின்னால் நீர் சுழித்து அவள் சேலையைச் சுருட்டிப் பிடித்தது. அவள் சேலையைத் தூக்கிச் செருகி, போனையும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒரு வயரு பேட்டரி பிளஸ்ல, ஒண்ணு மைனஸ்ல பிடி. எரியுதா?"

"எரியுது."

"பிடிச்சுக்கிட்டே இரு. பொன்னழகு, செல்ஃப் அடி."

டக். பல்பு அசையவில்லை. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தது.

"அப்படியேதான் எரியுதுண்ணே. மங்கல."

"பேட்டரி நல்லாயிருக்கு" என்றார் ஜமால் முகமது. அவர் குரல் வேகம் எடுத்தது. "முன் லைட்டு செத்துச்சு, இது சாகல. அப்ப பேட்டரிக்கும் வண்டிக்கும் நடுவுலதான் திருடன் ஒக்காந்திருக்கான். இப்ப நல்லாக் கேளு. பிளஸ்ல இருக்குற வயர எடுத்துரு. மைனஸ்ல இருக்குறது இருக்கட்டும். எடுத்த முனைய வண்டி இரும்புல வை. பெயிண்டு இல்லாத வெறும் இரும்பா இருக்கணும்."

வெறும் இரும்பு எங்கே இருந்தது? அடியிலிருந்து நுனிவரை எல்லாம் பச்சை. எஃப்.சி. தகுதிச் சான்றுக்குக் காட்டும் முன்னால் வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பது எல்லாரும் செய்வதுதான். இந்தத் தடவை பொன்னழகு கூலி ஆள் வைக்காமல் தானே மூன்று நாள் கிடந்து, கண்ணுக்குத் தெரிந்த இரும்பு ஒன்றையும் விடாமல் அடித்திருந்தான். முன் சக்கரத்துக்கு மேலே இருந்த ஸ்பிரிங் பட்டையின் ஓரம் மட்டும் உராய்ந்து உராய்ந்து வெள்ளையாக மின்னியது. அவள் கையை எட்டி நீட்டி வயர் முனையை அதில் அழுத்தினாள்.

"வச்சுட்டேன். எரியல."

"எரியக் கூடாது. மைனஸும் சேசும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு, அது ரெண்டுக்கும் நடுவுல பல்பு எரியவே கூடாது. பொன்னழகு, அடி."

டக்.

பல்பு எரிந்தது. அவள் உள்ளங்கைக்குள், எரியக் கூடாத இடத்தில், மஞ்சளாக நின்று எரிந்தது. சாவியை விட்டதும் அணைந்தது.

"எரியுதுண்ணே! செல்ஃப் அடிச்சா எரியுது!"

"சிக்கிட்டான்! எர்த்துதான். மைனஸ்லருந்து ஒரு பட்டையான வயரு போயி சேசுல போல்ட்டு போட்டு முறுக்கியிருக்கும் பாரு. அந்த எடம்."

அவள் வயரைத் தொடர்ந்து விரலை ஓட்டினாள். கூண்டுக்குப் பக்கத்திலேயே, சேசின் பக்கவாட்டில் அது முடிந்தது. முடிந்த இடத்தில் மஞ்சள் எழுத்தில் 'அழகுராஜா' என்று எழுதியிருந்தது. 'அ' சரியாகப் போல்ட்டின் மேல் விழுந்திருந்தது. போல்ட்டின் தலையும் பட்டையும் பெயிண்டில் முழுகியிருந்தன.

வண்டியின் நெற்றியில் பெயர் எழுதுவது ஊர் வழக்கம். பொன்னழகு நெற்றியில் எழுதவில்லை. அண்ணன் தினமும் காலையில் பேட்டரியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டி ஏறுவான் என்பதால், அந்த இடத்தில் எழுதியிருந்தான்.

பொன்னழகு தண்ணீருக்குள் குதித்துப் பக்கத்தில் வந்து நின்றான். பார்த்த உடனேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஏலே" என்றார் ஜமால் முகமது போனுக்குள்ளிருந்து, "சேசுக்குப் பெயிண்டு அடிச்சியே, எர்த் பட்டையக் கழட்டிட்டு அடிச்சியா, கழட்டாம அடிச்சியா?"

"கழட்டிட்டுத்தான் அடிச்சேன் பாய். அடியில துருப்பிடிக்கக் கூடாதுன்னு ரெண்டு கோட்டு."

"காய்ஞ்ச பொறகு அதுக்கு மேலயே திருப்பி மாட்டிட்ட."

"ஆமா."

"மேலயும் ஒரு கோட்டு."

"ஆமா பாய்."

"நல்லா இருப்பா நீ. பெயிண்டு வழியா கரண்டு போகுமாடா? போல்ட்டு மரையில பட்டும் படாம கொஞ்சம் தொட்டுக்கிட்டிருந்திருக்கு, அதுலதான் இம்புட்டு நாளு ஓட்டியிருக்க. இன்னைக்குத் தண்ணியும் அடிச்சு அதுவும் விட்டுருச்சு. போல்ட்டத் தளர்த்து. பட்டைய விலக்கு. அடியில வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டு. பட்டையவும் சுரண்டு. மாட்டி இறுக்கு. ஓடு!"

பொன்னழகு ஸ்பேனரைப் போட்டுத் திருகினான். பெயிண்ட் விரிசல் விட்டுப் போல்ட் கழன்று கொடுத்தது. பட்டையை விலக்கினான். அடியில் வழுவழுவென்று பச்சை, அதைச் சுற்றி மஞ்சள் வளைவு. தேங்காய் வெட்டுகிற ஆட்கள் கேபினில் விட்டுப்போன அரிவாளை எடுத்து வந்தான். அரிவாள் முனையை அந்த இடத்தில் வைத்தவன் அப்படியே நின்றான்.

"என்ன?"

"பேரு மதினி."

மேலேயிருந்து ஒரு வாழைமரம் வேரோடு மிதந்து வந்து முன் டயரில் மோதித் திரும்பிப் போயிற்று. கரையில் பால்காரர் இரண்டு கையையும் தூக்கி வா வா என்று ஆட்டினார். அவர் கத்துவது இப்போது தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை.

சண்முகவள்ளி அவன் கையிலிருந்து அரிவாளை வாங்கினாள். சுரண்டினாள். முதலில் மஞ்சள் உரிந்தது, பிறகு பச்சை, பிறகு செம்பூச்சு. 'அ' முழுவதும் போய், பக்கத்து எழுத்தின் ஓரமும் போயிற்று. அவள் கை நிற்கவில்லை. நகத்துக்குள் பெயிண்ட் ஏறியது. உள்ளேயிருந்து வெள்ளிக்காசுபோல இரும்பு பளபளத்தது. பட்டையின் அடியையும் தேய்த்துவிட்டுக் கொடுத்தாள். அவன் மாட்டி, பற்களைக் கடித்துக்கொண்டு இறுக்கினான்.

தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டது.

"அண்ணே, முழங்காலு."

"ஒரே ஒரு தடவ" என்றார் ஜமால் முகமது. "ஒரு தடவ அடிக்கட்டும். எடுக்கலேன்னா விட்டுட்டு வந்துருங்க. இரும்பு திரும்பக் கெடைக்கும்."

சண்முகவள்ளி பொன்னழகின் சட்டையைப் பிடித்தாள். "ஒரு தடவ. எடுக்கலேன்னா இறங்குற. சொல்லு."

அவன் ஒன்றும் சொல்லாமல் வலது பக்கம் போக வண்டியைச் சுற்றினான். அவள் ஏறவில்லை. கேபினின் முன்னால், பம்பரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அங்கிருந்து அவனைப் பார்க்க முடிந்தது. கால் அடியில் படிந்திருந்த மண் அரிபடுவது தெரிந்தது. அவன் சொல்லவில்லையே, சொல்லவில்லையே என்று மட்டும் மனது அடித்துக்கொண்டது.

அப்போதுதான் அதைக் கவனித்தாள். டிரைவர் பக்கத்துக் கதவு விரியத் திறந்திருந்தது. பொன்னழகு இருக்கையில் உட்காரவில்லை. ஒரு காலை வெளியே படியில் ஊன்றி, பாதி உடம்பை மட்டும் உள்ளே விட்டு, கையை நீட்டிச் சாவியைப் பிடித்திருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தான். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தான். இறங்கி நடக்கிறவனின் நிற்பு அது. அவன் கண் டேஷ்போர்டில் இல்லை, அவள் மேல் இருந்தது.

சாவி திரும்பியது.

டக் இல்லை. கர்ர்ர் என்று செல்ஃப் சுற்றியது, தடையில்லாமல், தடித்த குரலில். எஞ்சின் ஒருமுறை இருமியது. பின்பக்கம் தண்ணீருக்குள் சைலன்சர் கொப்புளித்தது. கரும்புகை நீருக்கு மேல் உருண்டு எழுந்தது.

"அணைச்சிராதடா! அணைச்சிராத!" என்று போன் அலறியது.

அவன் உள்ளே தாவி ஏறினான். அவள் மறுபக்கம் ஓடி, ஒரு கையால் கம்பியைப் பற்றி ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். முதல் கியரில் வண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது. குத்துக்கற்கள் எதுவும் இப்போது தெரியவில்லை. ஓரம் எங்கே, ஆறு எங்கே என்று தெரியாத செம்மண் பரப்பு. "நேரா வா, நேரா" என்று கரையில் பால்காரர் இரண்டு கையையும் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு நின்றார். பொன்னழகு அவர் மூக்கைப் பார்த்து ஓட்டினான். ஒரு இடத்தில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு இடதுபுறம் நழுவியது. தார்ப்பாய் கிழிந்து தேங்காய்கள் தொப் தொப்பென்று விழுந்து, மிதந்து, போட்டி போட்டுக்கொண்டு போயின. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன் டயர் கரை மேட்டைக் கடித்தது. ஏறியது.

மேலே வந்து, தார்ரோட்டில் நின்று திரும்பிப் பார்த்தபோது பாலம் இருந்த இடத்தில் ஒரு மடிப்பு மட்டும் நீர் மேல் புரண்டுகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.

பால்காரர் வந்து பொன்னழகின் தோளைத் தட்டினார். "அழகுராஜா தம்பின்னு காட்டிட்டப்பா. வண்டிய விடாம நின்ன பாரு."

பொன்னழகு தலையை ஆட்டினான். "இல்லீங்கண்ணே. விட்டுட்டு இறங்கத்தான் நின்னேன். அது எடுத்துருச்சு."

பால்காரர் அதை ஏதோ அடக்கமாகச் சொல்வதாக எடுத்துக்கொண்டு மறுபடியும் தட்டினார். சண்முகவள்ளிக்கு மட்டும் தெரியும். அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க ஈரம் போகவில்லை. பெயிண்ட் ஏறிய விரலால் கன்னத்தில் மஞ்சள் தீற்றிக்கொண்டதும் அவளுக்குத் தெரியவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. திண்டுக்கல் மண்டிவரை அணைக்காமல் போய்விடலாம் என்றான் பொன்னழகு.

"வேணாம். இங்கயே அணை" என்றாள்.

"மதினி, இப்பத்தான்..."

"அணைச்சுட்டு மறுபடி போடு. எடுக்கலேன்னா என்ன? ரோட்டுல நிக்கிறோம். விட்டுட்டு நடந்து போயிருவோம்."

அவன் அவளைப் பார்த்தான். சாவியைத் திருப்பி அணைத்தான். சட்டென்று ஆற்றின் இரைச்சல் கேபினுக்குள் வந்து நிறைந்தது. பிறகு அவன் சாவியைத் திருப்பினான். கர்ர்ர் என்று ஒரே சுற்றில் எடுத்தது.

மடியில் கிடந்த போனிலிருந்து ஜமால் முகமது, "அந்த எடத்துல கிரீசு தடவி விடுங்க, துருப்பிடிக்காது. பெயிண்டு டப்பாவ அவன் கண்ணுல காட்டாத தங்கச்சி" என்றார்.

அடுத்த எஃப்.சி.க்கும் பொன்னழகுதான் பெயிண்ட் அடித்தான். போல்ட்டைச் சுற்றி ஒரு உள்ளங்கை அகலம் விட்டுவிட்டு அடித்தான். அந்த இடம் கிரீஸ் பூசிக் கறுப்பாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் மிச்சப் பெயர் மேலே பூச்சுப் படாமல் அப்படியே இருக்கிறது. மண்டியில் லோடு இறக்குகிறவர்கள் படித்துவிட்டு, "யாருங்க இது, முன்னெழுத்தக் காணோம்?" என்று கேட்பார்கள். சண்முகவள்ளி வீட்டுக்காரர் என்பாள். எழுத்து எங்கே போச்சு என்று கேட்டால், ஆற்றோடு போச்சு என்பாள். டேஷ்போர்டில் போன் வைக்கும் பிடி ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறாள், சாவிக்கு மேலே, கை முதலில் படுகிற இடத்தில்.